உள்ளே எத்தனை டிகிரி

கணவன் வெஸ்லினுக்குத் தன் சிறுநீரகங்களில் ஒன்றைக் கொடுத்துவிட்டு வீடு திரும்பிய அனிட்டா, தையல் சரியாக ஆறுவதற்கு முன்பே ஒரு சமையல் தெர்மாமீட்டர் வாங்கினாள். பார்க்கப் பேனா மாதிரி இருக்கும். மூடியைக் கழற்றினால் நீளமாக ஓர் ஊசி. அதைக் கறியின் தடித்த இடத்தில் எலும்பில் படாமல் குத்திவிட்டு, மேலே இருக்கும் சின்னத் திரையில் எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

பெங்களூர் ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு ஆலோசனை சொன்ன பெண்தான் முதலில் அதைப் பற்றிப் பேசினாள். மாற்றிவைத்த சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமல் இருக்க வெஸ்லின் வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும். அந்த மாத்திரை நோய் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்து அடக்கிவைக்கும். மற்றவர்களுக்கு ஒரு நாள் வயிற்றுப்போக்கோடு போய்விடுகிற கிருமி அவனைப் படுக்கையில் தள்ளிவிடும்.

"கோழின்னா உள்ள எழுபத்து நாலு டிகிரி தொடணும்மா. மேல செவந்துட்டா வெந்துருச்சுன்னு நெனைக்காதீங்க. கலரைப் பாத்துச் சொல்லவே முடியாது."

சில மாதங்கள் கழித்துக் கோழிக்கறி சாப்பிடலாம் என்று டாக்டர் அனுமதி கொடுத்தார். அன்றிலிருந்து மூக்கண்டப்பள்ளியில் இருக்கும் அவர்களுடைய வாடகை வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றாலே பரீட்சை எழுதுகிற பதற்றம்தான். பூசை முடிவில் பாதிரியார் ஆசீர் கொடுக்கும்போதே அனிட்டாவின் மனது அடுப்பங்கரைக்குப் போய்விடும்.

வெஸ்லினுக்குக் குழம்பில் போட்ட கோழி பிடிக்காது. முழு லெக் பீஸ், கனமான வாணலியில், மூடிபோட்டு மெதுவாக வறுத்தது. அவனுடைய அப்பா சிப்காட் வேலைக்காகக் கன்னியாகுமரிப் பக்கமிருந்து ஓசூருக்கு வந்தபோது கூடவே வந்த ருசி அது. பர்கூரில் பிறந்த அனிட்டா கல்யாணத்துக்குப் பிறகுதான் அதைச் செய்யக் கற்றுக்கொண்டாள்.

அந்த ஞாயிறும் கோயிலிலிருந்து வரும் வழியில் சென்னகிருஷ்ணன் கடையில் லெக் பீஸ் வாங்கிவந்தாள். மஞ்சளும் கல்லுப்பும் போட்டு, குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, தண்ணீர் கண்ணாடியாக ஓடும்வரை அலசினாள். இதிலும் அவள் முன்னைவிடக் கண்டிப்பாகிவிட்டிருந்தாள். மசாலா தடவி ஊறவைத்தாள். பக்கத்தில் தோல் சீவி நறுக்கிய வெள்ளரிக்காய் ஒரு கிண்ணத்தில் இருந்தது. வெஸ்லினுக்குப் பச்சையாகச் சாப்பிட அனுமதித்திருந்த ஒன்றிரண்டு பொருள்களில் அதுவும் ஒன்று.

வாணலியில் கறி மேலே கருஞ்சிவப்பாக ஆனதும் வெஸ்லின் அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றான். மறுபடி ஹாலுக்குப் போனான். டிவியைப் போட்டான், அணைத்தான், திரும்ப வந்தான்.

"எத்தினி?"

"அறுபத்தெட்டு."

"கொஞ்ச நேரத்துல வந்துரும். எடுத்துடு."

"எண்பது வரட்டும்."

"எழுபத்து நாலுதானே சொன்னாங்க? அதுக்கு மேல வெந்தா அது கறி இல்ல அனி, கயிறு."

"கயிறாவே சாப்பிடுங்க. என்னாத்துக்கு அவசரம்?"

சாப்பிட உட்கார்ந்ததும் அவன் முதல் துண்டைப் பிய்த்து வாயில் வைத்தான். அனிட்டா தன் தட்டைத் தொடாமல் அவன் முகத்தையே பார்த்தாள். அவன் மென்றான். விழுங்கினான். அதற்கப்புறம்தான் அவள் கையைச் சோற்றில் வைத்தாள். நாலாவது படிக்கும் மகள் வின்சி, வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டே, ஏதோ ஞாபகம் வந்ததுபோலச் சொன்னாள்.

"அம்மா, அனுப்ரியா பர்த்டேல சிக்கன் ரோல் குடுத்தாங்க. நான் சாப்பிடல."

"ஏன்டி? உனக்குப் பிடிக்குமே."

"உள்ள எத்தினி டிகிரின்னு ஆன்ட்டிகிட்ட கேட்டேன். அவங்களுக்குத் தெரியல."

வெஸ்லின் சாப்பிடுவதை நிறுத்தினான். "பாத்தியா?" என்றான் அனிட்டாவிடம். அவள் மகளின் தட்டில் இன்னொரு துண்டு வைத்தாள். வின்சி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் தின்றாள்.

திங்கட்கிழமை காலையில் வெஸ்லின் வேலைக்குப் போன பிறகு வின்சிக்கு வயிற்று வலி. இரண்டு தடவை போனது. பள்ளிக்கூட வாசலில் விற்கிற மாங்காய்தான் காரணம் என்று அனிட்டா திட்டினாள். மகள் தான் எதுவும் வாங்கவில்லை என்று அழுதாள். உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீர் கொடுத்ததில் சாயங்காலத்துக்குள் சரியாகி, மாடிப்படியில் ஓடி விளையாடினாள். வேலை முடிந்து வந்த வெஸ்லினிடம், மகளுக்குத் தலைவலி, அதனால் பள்ளிக்கு அனுப்பவில்லை என்று மட்டும் அனிட்டா சொன்னாள். வயிறு என்றால் அவன் கலங்கிப்போவான் என்று நினைத்தாள்.

செவ்வாய்க்கிழமை மதியத்துக்குள் வெஸ்லின் கம்பெனியிலிருந்து திரும்பிவிட்டான். முகம் வெளுத்திருந்தது. காலையிலிருந்தே குளிர் என்றான். வெயில் தகிக்கிற நேரத்தில் போர்வை கேட்டான். காய்ச்சல் நூற்றொன்றுக்கு மேலே இருந்தது. அதற்குள் மூன்று தடவை கழிவறைக்குப் போய்வந்தான். அனிட்டா ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். அங்கிருந்த பெண் அதிகம் கேட்கவில்லை. "மாத்திரை எதுவும் நீங்களா குடுக்காதீங்க. உடனே கிளம்பி வந்துடுங்க" என்றாள்.

கார் கொண்டுவந்தவன் பிரதாப். வெஸ்லினோடு அதே கம்பெனியில் வேலை செய்கிறவன், சாத்தூர்ப் பக்கத்துக்காரன். பள்ளிவிட்டு வரும் வின்சியைப் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்து வீட்டு நாகம்மாளிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, அனிட்டா கணவனோடு பின்சீட்டில் ஏறினாள்.

ஜூஜூவாடியைத் தாண்டும்வரை வண்டி ஓடியது. அத்திப்பள்ளியில் நின்றுவிட்டது. முன்னால் கன்டெய்னர் லாரிகள், கம்பெனி பஸ்கள், கிரானைட் கல் ஏற்றிய ட்ரெய்லர் ஒன்று. ஹாரன் சத்தம் கேட்டதே தவிர எதுவும் நகரவில்லை. அனிட்டா கண்ணாடியை இறக்கினாள், ஏற்றினாள். எட்டிப் பார்த்தாள். வெஸ்லின் நெற்றியில் கை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

"அந்தப் பக்கமா வெட்டிப் போக முடியாதா தம்பி?"

"எல்லாப் பக்கமும் இதே கததான் அண்ணி." பிரதாப் ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தான். கண்ணாடியில் அவளைப் பார்த்தான், பார்வையை எடுத்துக்கொண்டான். "அண்ணி, ஒண்ணு சொல்லணும். டாக்டர் கேப்பாங்கல்ல, என்ன சாப்பிட்டீங்கன்னு."

"பிரதாப், வண்டிய ஓட்டு," என்றான் வெஸ்லின் கண்ணைத் திறக்காமல்.

"வண்டி எங்கண்ணே ஓடுது?" பிரதாப் திரும்பி உட்கார்ந்தான். "சனிக்கிழமை சாயங்காலம் தளி ரோட்டுல, திம்மராயன் கடைல தந்தூரி சாப்பிட்டோம். நான்தான் கூட்டிட்டுப் போனேன். எனக்கு ஒண்ணும் ஆகல அண்ணி. அதான் இவ்வளவு நேரம் சொல்லாம இருந்தேன்."

அனிட்டா கணவனைப் பார்த்தாள். முதலில் அவளுக்குக் கேட்கத் தோன்றியது ஒன்றுதான்.

"வெந்திருந்துச்சா?"

வெஸ்லின் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. "எலும்புகிட்ட சிவப்பா இருந்துச்சு."

"சிவப்பா இருந்தும் சாப்பிட்டீங்க."

"கடிச்ச அப்புறம்தான் பாத்தேன்."

"துப்பியிருக்கலாம் இல்ல? இத்தினி மாசமா நான் அடுப்பாண்ட நின்னு..."

"இத்தினி மாசமா நான் ஒரு வாய் நிம்மதியா சாப்பிட்டதில்ல அனி." அவன் குரல் நடுங்கியது, குளிரிலா கோபத்திலா தெரியவில்லை. "ஒவ்வொரு வாய்க்கும் நீ என் முகத்தயே பாத்துக்கினு இருப்ப. நான் முழுங்கினாத்தான் நீ சாப்பிடுவ. அன்னிக்கு யாரும் என்னப் பாக்கல. நல்லா இருந்துச்சு. அவ்ளோதான்."

"யாரும் பாக்கலன்னா என்ன வேணாலும் செய்வீங்களா? அது உங்க கிட்னி இல்ல. என்னோடது!"

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்ததை அவளே கேட்டாள். ஆபரேஷனுக்கு முன்னால் அவன் அம்மாவும் அவள் அண்ணனும் உட்கார்ந்து பேசியபோது, பின்னால் ஒரு நாளும் இதைச் சொல்லிக்காட்ட மாட்டேன் என்று அவள்தான் எல்லோருக்கும் முன்னால் சொன்னவள். யாரும் கேட்காமலே சொன்னாள்.

பிரதாப் முன்பக்கம் திரும்பிக்கொண்டான். பின்னாலிருந்த லாரிக்காரன் விடாமல் ஹாரன் அடித்தான்.

"தெரியும்," என்றான் வெஸ்லின் ஜன்னல் பக்கம் பார்த்தபடி. "தெனமும் தெரியும்."

ஒருவழியாக முன்னால் இருந்த லாரிகள் நகர்ந்தன.

அவசரப் பிரிவில் ஒரு நர்ஸ் கன்னடத்தில் கேட்டபடியே அவன் கையில் ஊசி ஏற்றினாள். எப்போதிருந்து காய்ச்சல் என்று அவள் கேட்டதற்கு, "இவத்து பெளிகேயிந்த" என்று, காலையிலிருந்துதான் என்று, அவனே பதில் சொன்னான். ரத்தம் எடுத்தார்கள். டிரிப் மாட்டினார்கள். அப்புறம் டாக்டர் வந்தார். முன்பே அவர்களுக்குப் பழக்கமானவர், தமிழ் பேசுகிற நடுவயதுப் பெண்.

அவர் கேட்பதற்கு முன்பே வெஸ்லின் சொல்லிவிட்டான். "சனிக்கிழமை வெளிய தந்தூரி சாப்பிட்டேன் டாக்டர். சரியா வேகல. என் தப்புதான். வீட்டுல இவ எல்லாம் சரியாத்தான் செய்யறா."

டாக்டர் எழுதிக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை வீட்டுல என்ன சாப்பிட்டீங்க?"

"கோழிதான்," என்றாள் அனிட்டா. "எண்பது டிகிரி வரைக்கும் வெச்சேன் டாக்டர். குத்திப் பாத்துட்டுத்தான் எடுத்தேன்."

"நல்லது. கறியக் கழுவுவீங்களா?"

"கழுவாம எப்படி? மஞ்ச, உப்புப் போட்டு நாலஞ்சு தண்ணில நல்லா அலசித்தான்."

டாக்டர் பேனாவை நிறுத்தினார். "இனிமே கழுவாதீங்க. கிருமி சூட்டுலதான் சாகும், தண்ணில சாகாது. குழாய்த் தண்ணி கறி மேல விழுந்து தெறிக்கும்போது சுத்தி இருக்கறது எல்லாத்துலயும் ஒட்டிக்கும். கறி அடுப்புல வெந்துரும். பக்கத்துல இருக்கறது வேகாது இல்லையா? அன்னிக்கு பச்சையா ஏதாவது சாப்பிட்டீங்களா?"

தொட்டியின் ஓரமும் வெள்ளரிக்காய்க் கிண்ணமும் அனிட்டாவின் கண்முன் வந்தன. குழாயை முழுதாகத் திறந்தது. கையில் முழங்கைவரை தெறித்தது. அதை முந்தானையில் துடைத்துக்கொண்டது.

"வெள்ளரிக்கா," என்றாள்.

"வீட்டுல வேற யாருக்காவது வயிறு சரியில்லாம போச்சா?"

வெஸ்லின் கண்ணை மூடிப் படுத்திருந்தான். தப்பைத் தன் மேல் போட்டுக்கொண்டு முடித்துவிட்டான். திங்கட்கிழமை நடந்தது அவனுக்குத் தெரியாது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் தளி ரோட்டோடு நின்றுவிடும். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"பொண்ணுக்கு," என்றாள். "திங்கக்கெழம ரெண்டு தடவ போச்சு. அவ தந்தூரி சாப்பிடல."

வெஸ்லின் கண்ணைத் திறந்தான்.

"ரெண்டுல எதுவாவும் இருக்கலாம்," என்றார் டாக்டர். "எதுன்னு நம்மால அடிச்சுச் சொல்ல முடியாது. இப்ப அது முக்கியமும் இல்ல. உடம்புல தண்ணி குறைஞ்சிருக்கு, கிட்னி கொஞ்சம் திணறுது. அதக் காப்பாத்தணும், அவ்ளோதான்."

அவர் போனதும் வெஸ்லின் கேட்டான். "எதுக்குச் சொன்ன? நான்தான் ஒத்துக்கினேனே."

"டாக்டர் கேட்டாங்க."

"தலைவலின்னு சொன்ன என்கிட்ட."

"ஆமா."

கொஞ்ச நேரத்தில் அவன் மருந்தின் அசதியில் தூங்கிப்போனான்.

மறுநாள் ரத்தப் பரிசோதனை இன்னும் மோசமாக வந்தது. அனிட்டாவுக்கு வார்டில் உட்கார முடியவில்லை. வெளியே நடைவழியில் லிப்ட் வரைக்கும் போனாள், திரும்பினாள். கட்டிலில் தொங்கிய சிறுநீர்ப் பையில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று குனிந்து பார்த்தாள். நர்ஸ் வந்து பார்க்கும்போது தானும் பார்த்தாள். விலாவுக்குக் கீழே தழும்பு இருக்கும் இடத்தை அவள் கை தன்னாலே தடவியது. அவனுக்குக் கொடுத்தது போய்விட்டால் கொடுப்பதற்கு இன்னொன்று இல்லை. இந்த நினைப்பு வந்ததும் அவள் மறுபடி லிப்ட் பக்கம் நடந்தாள்.

மாற்றுத் துணி எடுக்கவும் வின்சியைப் பார்க்கவும் மதியம் பஸ் ஏறி ஓசூர் போனாள். வீட்டுக்குள் நுழைந்ததும் துணியை எடுக்கவில்லை. நேராக அடுப்பங்கரைக்குப் போய்த் தொட்டி, குழாயின் கைப்பிடி, மேடை, சுவர் எல்லாவற்றையும் கொதிநீரும் சோப்பும் ஊற்றித் தேய்த்தாள். வெட்டுப்பலகையைக் குப்பையில் போட்டாள். நாகம்மாள் வீட்டிலிருந்து ஓடிவந்த வின்சி வாசலில் நின்று பார்த்தாள்.

"அம்மா, அப்பாவுக்கு என்னால வந்துச்சா?"

"யார்டி சொன்னா?"

"எனக்குத்தானே மொதல்ல வயிறு வலிச்சுது. நான் அப்பா டம்ளர்ல தண்ணி குடிச்சேன்."

அனிட்டா கையிலிருந்த பாத்திரம் தேய்க்கும் நாரைக் கீழே போட்டுவிட்டு மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். ஈரக் கை பட்டு வின்சியின் சட்டை நனைந்தது. "உன்னால இல்ல. அம்மா கறி கழுவும்போது தண்ணி தெறிச்சிருக்கும். இல்லாட்டி அப்பா கடைல சாப்பிட்டதுல வந்திருக்கும். யாரும் வேணும்னு செய்யல."

"அப்ப டிகிரி பாத்தது?"

"அது சரிதான். அது மட்டும் பத்தாது, அவ்ளோதான்." பிறகு, "பர்த்டேக்குப் போனா நல்லாச் சூடா இருக்கறத எடுத்துச் சாப்பிடு. யார்கிட்டயும் எதுவும் கேக்க வேணாம்," என்றாள்.

வியாழக்கிழமை காய்ச்சல் விட்டது. வெஸ்லின் முதல் தடவையாகப் பசி என்றான். கஞ்சி கொடுத்தார்கள். அனிட்டா ஸ்பூனைக் கையில் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டாள். கீழே பார்க்கிங்கில் வண்டிகள் போய்வருவதைப் பார்த்தாள். திரும்பிப் பார்க்க வேண்டும் என்று கழுத்து நரம்பு இழுத்தது. திரும்பவில்லை. ஸ்பூன் கிண்ணத்தில் தட்டும் சத்தம் நின்றது.

"சாப்ட்டுட்டேன். திரும்பு," என்றான் அவன்.

கார் பேச்சை அவள்தான் எடுத்தாள். "அன்னிக்கு வண்டில நான் சொன்னது..."

"உண்மதானே?"

"உண்மையா இருந்தாலும் சொல்லியிருக்கக் கூடாது."

"நான் துப்பியிருக்கணும்," என்றான் அவன். "செவப்பப் பாத்ததும் துப்பலாம்னுதான் நெனச்சேன். உன் முகம் ஞாபகம் வந்துச்சு. வீம்புக்கு முழுங்கினேன்."

அவளுக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. எதையும் காட்டாமல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் சிறுநீரகம் ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்திருந்தது. முழுதாக வரக் கொஞ்ச நாள் ஆகும், வரும் என்றார் டாக்டர். கழுவாமல் சமைப்பது, பச்சைக் கறிக்குத் தனிப் பலகை, சோப்புப் போட்டுக் கை கழுவுவது என்று எல்லாவற்றையும் மறுபடி ஒருமுறை சொன்னார். பிறகு கணினியில் ஏதோ பார்த்துவிட்டு அனிட்டா பக்கம் திரும்பினார்.

"சரி, உங்க செக்கப்புக்கு ஏன் வரல நீங்க? ஆறாவது மாசம் வரணும்னு சொல்லியிருந்தோமே."

"வரணும்னுதான் இருந்தேன் டாக்டர்."

"இவளுக்கு என்ன செக்கப்?" என்று வெஸ்லின் கேட்டான்.

"கிட்னி குடுத்தவங்களும் பாத்துக்கணும் இல்லையா? ரத்தம், யூரின், பிரஷர். இவங்க ஒரு தடவைகூட வரல."

அறையை விட்டு வெளியே வந்ததும் வெஸ்லின் நின்றுவிட்டான். பிரதாப் கீழே வண்டியோடு காத்திருக்கிறான், வின்சி பள்ளிவிட்டு வந்துவிடுவாள், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று அனிட்டா அடுக்கினாள்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"ஒரு நாள் பூரா ஆவும். நான் இங்க வந்துட்டா உங்களுக்கு யாரு சமைக்கறது?"

"ரசம் வெச்சுத் தின்னுட்டுப் போறேன்! உனக்கும் ஒண்ணுதானே இருக்கு அனி?" அவன் சத்தத்தில் நடையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கவலைப்படவில்லை. பிரதாபுக்குப் போன் போட்டு நேரமாகும் என்றான். மருந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு லேப் எங்கே என்று விசாரித்து முன்னால் நடந்தான். இன்னும் நடை தள்ளாடியது. அனிட்டா அவன் பின்னாலேயே போனாள்.

ரத்தம் கொடுத்தாள். பிரஷர் பார்த்தார்கள். அங்கே இருந்த பெண் ஒரு தடவை பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லி, மறுபடி பார்த்தாள். பிரஷர் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது, முடிவுகள் வந்ததும் டாக்டரிடம் காட்டுங்கள் என்றாள். எவ்வளவு கூட என்று வெஸ்லின் வாசலில் நின்றபடியே கேட்டான். அவள் எண்ணைச் சொன்னாள். அது நிறையவா, இப்போதே மாத்திரை வேண்டுமா, உப்பால் வந்ததா என்று அவன் கேட்டுக்கொண்டே போனான்.

முடிவுகள் வரும்வரை காத்திருக்க நடையில் நாற்காலிகள் இருந்தன. அனிட்டா ஒன்றில் உட்கார்ந்து, பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வெஸ்லின் உட்காரவில்லை. கண்ணாடிக் கதவுவரை போனான், உள்ளே எட்டிப் பார்த்தான், திரும்பினான். தண்ணீர் வாங்கிவந்து கொடுத்தான்.

"உக்காருங்க. இப்பதானே எழுந்து நடக்கறீங்க."

"இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு மறுபடியும் கதவுப் பக்கம் போனான்.